இரண்டு மைக்கும் ஒரு கடல்பக்கக் கதவும்

எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு தம்பி பாட்டுப் பதிவு செய்கிறார். வீட்டையே ஸ்டுடியோ ஆக்கிவிட்டார். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. போன மாதம் அங்கே ஒரு டிரம் செட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக், தாளத் தட்டுகளுக்குத் தனியாக, அறைக்குத் தனியாக என்று மொத்தம் பதினோரு மைக். வேடிக்கை பார்க்கப் போன நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நாங்க ரெண்டு மைக்குல முடிச்சோம் தம்பி" என்று சொல்லிவிட்டேன். கிழவன் கப்சா விடுகிறான் என்று தோன்றும்போது மரியாதை தெரிந்த பிள்ளைகள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அதைச் சிரித்தார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

நான் ராமநாதபுரத்தில் அசன் காக்காவின் மைக் செட் கடையில் வேலை பார்த்தவன். காக்கா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கத்தில் அண்ணன். பெரியபட்டினத்துக்காரர். கடைத்தெருவில் எந்த மதத்துக்காரருக்கும் அவர் காக்காதான். எனக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைகிற பூமி. வயலில் இறங்க மாட்டேன், கல்யாண வீட்டில் பாட்டுப் போடப் போகிறேன் என்றபோது என் அய்யா "அது ஒரு வேலையாடா?" என்று கேட்டார். சாகிறவரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பனை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். மாட்டு வண்டியில் பேட்டரி ஏற்றினேன், இறக்கினேன். ஆசிட் பட்டு என் சட்டைகளெல்லாம் சல்லடை ஆயின. நாடு சுதந்திரமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும், சிங்கப்பூரில் இருந்த காக்காவின் மச்சான் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். அரிசி மூட்டை கனம். முன்பக்கத்தில் பச்சையாக ஒரு கண் எரியும். சத்தம் ஏற ஏற அந்தக் கண் மூடிக்கொண்டே வரும். முழுக்க மூடிவிட்டால் பதிவு கெட்டது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை என்றார் காக்கா. அன்றைக்குத்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்ததாக நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

காக்கா வேலை செய்கிற விதமே தனி. போன இடத்தில் பெட்டியைத் திறக்க மாட்டார். முதலில் வாசிக்கச் சொல்லுவார். இடது காதில் விரலை விட்டு அடைத்துக்கொண்டு, வாசிக்கிறவரைச் சுற்றி மெதுவாக நடப்பார். குனிவார், நிமிர்வார், முக்காலி மேல் ஏறுவார். சத்தம் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே நின்று, வலது காதுப் பக்கம் கையைக் காட்டி, "இங்கன கட்டு" என்பார். அந்த இடத்தில் மைக். ஏன் ஒரு காதை அடைக்கிறீர்கள் என்று கேட்டேன். "மைக்குக்கு ஒரு காதுதானே கருப்பையா? நீ ரெண்டு காதால கேட்டுப்பிட்டு அதைக் குத்தம் சொன்னா அது என்ன செய்யும், பாவம்" என்றார்.

இன்னொன்று, சத்தத்தின் வால். கடைசி அடி விழுந்தபிறகு அது முழுக்க அடங்குகிறவரை யாரும் மூச்சு விடக்கூடாது. "வால் அறுந்தா பல்லிக்கு முளைக்கும், பாட்டுக்கு முளைக்காது" என்பார். வாலில் ஒரு இருமல், ஒரு கனைப்பு விழுந்தாலும், டேப்பை அந்த இடத்தில் வெட்டி, சுத்தமான மௌனம் பதிந்த ஒரு துண்டை எடுத்து ஒட்டுவார். அதற்கென்றே ஒரு சின்னக் கத்தரி. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அதைப் பட்டுத் துணி சுற்றி வைத்திருப்பார். ஒரு கல்யாணத்தில் நாதசுரம் பதிவு செய்தபோது மாப்பிள்ளையின் தகப்பனாரே உருகிப்போய்க் கடைசியில் "சபாஷ்" என்றார். காசு கொடுக்கிற மனிதர். காக்கா அவரையும் வெட்டித்தான் கொடுத்தார்.

இனி அருளப்பன் கதைக்கு வருகிறேன்.

அருளப்பன் கொழும்பில் ஒரு ஹோட்டல் பேண்டில் டிரம் வாசித்தவர். அங்கே இருக்க முடியாமல் போய், டிரம் செட்டோடு கப்பலேறித் திரும்பி வந்தார். அக்காள்மடத்துக்கு வடக்கே கடற்கரையில் இருந்த கத்தோலிக்க மீனவர் குடியிருப்பில் பிலோமினாவைக் கட்டி மாமனார் வீட்டோடு இருந்தார். மாமனார் சந்தியாகு சொந்த வள்ளம் வைத்திருந்தவர். அவருடைய ஒரே மகன் தோமாஸ் இரண்டு வருஷத்துக்கு முன் திடீர்க் காற்றில் கடலோடு போய்விட்டான். வள்ளத்தில் மகன் உட்கார்ந்த இடத்தில் மருமகன் உட்காருவான் என்று நம்பித்தான் பெரியவர் பெண் கொடுத்தார்.

அருளப்பன் ஒருமுறை போனார். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அதைவிட, பயந்தார். திரும்பி வந்து, "என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமனார் அவரோடு நேருக்கு நேர் பேசியதில்லை. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "பிலோமி, அந்த ஆளைச் சாப்பிடச் சொல்லு" என்பார். அருளப்பனும், "பிலோமி, மாமாவுக்கு மீன் வையி" என்பார். நடுவில் அந்தப் பெண் தபால்காரி மாதிரி இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில் மதராஸில் ஒரு ஹோட்டலில் பேண்டு நடத்திய பழைய கொழும்புச் சிநேகிதர் சொல்லி அனுப்பினார். ஆள் வேண்டும், ஆனால் முதலாளி கேட்டுப் பார்த்துத்தான் எடுப்பார், வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பு. திங்கட்கிழமை சாயங்காலம் கொழும்புப் பயணிகளோடு வருகிற ரயிலில் பேண்டுக்காரர் ஒருவர் மதராஸ் போகிறார், பாம்பன் ஸ்டேஷனில் அவர் கையில் கொடுத்துவிடு. பிலோமினா இதைத் தகப்பனாரிடம் சொன்னாள். பெரியவர் யோசித்துவிட்டு ஒரு பேச்சுப் பேசினார், அதையும் மகளைப் பார்த்தே. "ஞாயித்துக்கிழமை நாம கடலுக்குப் போறதில்ல. வலை அறையில வச்சு அடிச்சிக்கிறட்டும். அது சரிப்பட்டு வரலைன்னா செவ்வாக்கிழமை தோமாசு இடத்துல வந்து உக்காரணும். அதுக்கப்புறம் வீட்டுல கொட்டுச் சத்தம் கேக்கக்கூடாது."

அருளப்பன் கடைக்கு வந்து கேட்டுக்கொண்டபடி, சனிக்கிழமையே நாங்கள் ரயிலில் பாம்பனில் இறங்கி, வண்டி பிடித்துப் போய்விட்டோம். கரண்ட் கிடையாது. பேட்டரிகளை வைத்தோம். பேட்டரிக் கரண்டை ரெக்கார்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி முனகும் என்பதால் அதை அடுத்த வீட்டு அடுப்படியில் வைத்து வயர் இழுத்தோம். அன்று ராத்திரி தூறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அருளப்பன் உட்கார்ந்தால், டிரம்மெல்லாம் ஈரச் சாக்கை அடித்த மாதிரி தொப் தொப் என்கிறது. அப்போது ஆட்டுத்தோல், கன்றுத்தோல்தானே. கடல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோயிருந்தது. ஒரே ஒரு அடியைக் கேட்டதும் காக்கா அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டார். "நாளைக்கு, இன்ஷா அல்லாஹ். வெயிலைக் காட்டி அடிப்போம்" என்றார்.

நாளைக்கு என்றால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை வள்ளங்கள் கடலில் இருக்கும். இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை வெயில் வந்தது. டிரம்களை முற்றத்தில் காயவைத்து உள்ளே கொண்டுபோனோம். தோல் கணீரென்று பேசியது. வலை அறை ஓடு போட்ட அறை, வெறும் காரைச் சுவர். அடித்த அடி நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது. காக்கா பருத்தி வலைகளை எடுத்துச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடச் சொன்னார். பெரிய டிரம்முக்குள் கிழிந்த வலை ஒன்றைச் சுருட்டித் திணித்தார். பிறகு காதை அடைத்துக்கொண்டு நடந்தார். முதல் மைக், தூண்டில் கயிற்றில் கட்டி உத்திரத்திலிருந்து தொங்கியது, அருளப்பனின் வலது முழங்காலுக்கு நேர் மேலே. அதில் சின்ன டிரம்மும் தட்டுகளும் விழும். இரண்டாவது, பெரிய டிரம்முக்கு முன்னால் தாழ்வாக. இரண்டும் ஆம்ப்ளிஃபயரில் சேர்ந்து ரெக்கார்டருக்குப் போகும். சேர்ந்தது சேர்ந்ததுதான், குழம்பில் போட்ட உப்பு மாதிரி பிறகு எடுக்க முடியாது. அதனால் இரண்டாவது மைக்குக்கு இடம் பார்ப்பதற்குள் காக்கா படாதபாடு பட்டார்.

"ஆழம் நல்லாருக்கு, ஆனா அறை ஊளையிடுதே" என்றவர், சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தக் கடல்பக்கக் கதவைத் திற கருப்பையா. ஊளை அந்த வழியா வெளிய போகட்டும்" என்றார். திறந்தேன். ஊளை போயிற்று. காக்காவின் முகம் மலர்ந்தது. "தம்பி, காலால ஒத்தை அடி. முழுசா அடங்கினபொறகு அடுத்தது. நான் போதும்னு சொல்ற மட்டும்."

டும். அடங்கும். டும். அடங்கும்.

காக்கா மைக்கை ஒரு விரற்கடை முன்னே நகர்த்துவார், பின்னே நகர்த்துவார், தலையை ஆட்டுவார். டும். இன்னும் கொஞ்சம் சாய்ப்பார். டும். நல்ல பதிவுக்காரனின் பொறுமை அது. நான் அதைப் பார்த்துச் சொக்கிப்போய் நின்றேன். தெற்கேயிருந்து சோழகக் காற்று வீட்டுக்குள் நுழைந்து, அந்தத் திறந்த கதவு வழியாக நேரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. வானம் கறுத்துக் காற்று மாறினால், அந்தோணியார் கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் கோயிலின் கொட்டு மேளத்தை எடுத்து ஒற்றை ஒற்றையாக, நிறுத்தி நிறுத்தி அடிப்பார். கடலில் இருப்பவன் அதைக் கேட்டால் ஏன் எதற்கு என்று பார்க்கக்கூடாது. வலையை மிதவையோடு விட்டுவிட்டுக் கரைக்கு வரவேண்டும். தோமாஸ் போனபிறகு ஊரே கோயிலில் கூடி அப்படி வாக்குக் கொடுத்திருந்தது. கரையில் இருந்த பெண்களுக்குப் பிலோமினா வீட்டில் பதிவு நடக்கிறது என்று தெரியும். கடலில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அருளப்பன் தாளம் போட்டு வாசித்திருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். ஒற்றை அடி அடிக்கச் சொன்னோமே! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

மைக் அமைந்து, பதிவைத் தொடங்கி, அருளப்பன் அருமையாக வாசித்துக்கொண்டிருந்தார். பச்சைக் கண் அளவாக மூடித் திறந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் என் ஹெட்போனுக்குள் பெண்கள் கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால் கடலில் பாய் விரித்து வள்ளங்கள் வரிசையாக வருகின்றன. முதல் வள்ளம் தரை தட்டுவதற்கு முன்பே சந்தியாகு தண்ணீரில் குதித்துவிட்டார். மற்றவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். மேலே வானம் கழுவி விட்ட மாதிரி நீலமாக இருந்தது.

"எவன்டா அடிச்சவன்?"

"கோயில் கொட்டுன்னு நெனச்சு வலையப் போட்டுட்டு வாரோம், இங்கன கச்சேரியா நடக்குது?"

"அந்தக் கொட்டைத் தூக்கிக் கடல்ல போடுங்கடா!"

அருளப்பன் எழுந்து நின்றார். நான் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். காக்கா மட்டும் நிதானமாகக் காதிலிருந்து விரலை எடுத்து, வாசலில் போய் நின்றார்.

"அடிச்சது அவரு காலு. அடிக்கச் சொன்னது என் வாயி. கதவைத் திறக்கச் சொன்னதும் நான்தான். என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க" என்றார். அறுபதை நெருங்குகிற மனிதர், நெஞ்சளவு உயரம். அத்தனை கோபத்திலும் யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை.

சந்தியாகு யாரையும் திட்டவில்லை. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். பெரிய டிரம்மின் முன் உட்கார்ந்து தோலில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"பிலோமி, இந்தக் கொட்டா கேட்டுச்சு?"

"ஆமாய்யா."

"மணல்திட்டுக்கு அங்கிட்டு இருந்தோம்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "கோயில் கொட்டு அங்கன கேட்டதே இல்ல. தோலு கிழிஞ்சு ஒட்டுப் போட்டது, எப்படிக் கேக்கும்? தோமாசு அன்னைக்கு அங்கனதான் இருந்தான். உபதேசியார் கை வலிக்க அடிச்சாரு. நான் கரையில நின்னேன். அவன் காதுல விழல. இது... பக்கத்துல நின்னு கூப்புடுற மாதிரி கேட்டுச்சு."

சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் அடங்கிவிட்டார்கள். பிலோமினா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மகன் போன நாளைப் பற்றி அந்த மனிதர் ஊருக்கு நடுவில் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு பிலோமினா சொன்னாள்.

அருளப்பன் பிலோமினாவைப் பார்க்கவில்லை. நேரே மாமனாரைப் பார்த்துச் சொன்னார். "மாமா, இந்தப் பெரிய கொட்டு இனிமே கோயிலுக்கே இருக்கட்டும். எனக்கு வேலை கெடச்சாலும் இருக்கட்டும், கெடைக்காட்டியும் இருக்கட்டும். நான் இன்னைக்கு ஒரு தடவை அடிச்சு முடிச்சிக்கிறேன்."

பெரியவர் எழுந்து போய்க் கடல்பக்கக் கதவைச் சாத்தினார். அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். "பிலோமி, அடிக்கச் சொல்லு. சத்தம் ஒரு பொட்டு வெளிய போகாது."

கதவு சாத்தியதும் அறை மறுபடி ஊளையிட்டது. காக்கா தாடியைத் தடவினார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"ஏன் வெளிய நிக்கிறீக? எல்லாரும் உள்ள வந்து சுவரு ஓரமா உக்காருங்க. சோறு தின்ன உடம்பைவிட நல்ல பஞ்சு மெத்தை உலகத்துல இல்ல. அம்புட்டு ஊளையையும் குடிச்சிரும்."

அடிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து, வலைகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் வீட்டிலிருந்து காய்ந்த பாய்த்துணியைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினார். காக்கா மறுபடி காதை அடைத்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது மைக்கைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார், அவ்வளவுதான். அறை அடங்கிவிட்டது. "இருமல் வர்றவுக இப்பவே இருமிக்கிறுங்க. கடைசி அடிக்குப் பொறகு நான் கையைக் கீழ போடுற மட்டும் மூச்சுக் கூடாது" என்றார். எல்லோரும் ஒழுங்காக இருமினார்கள்.

அருளப்பன் வாசித்தார். காலையில் வாசித்தது திறமை. இது வேறு. பெரிய டிரம்மை அவர் அன்று மிதித்த விதம், விட்டுக் கொடுக்கப்போகிற பொருளை ஒருவன் கையில் வைத்துப் பார்க்கிற விதம். என் பச்சைக் கண் ஒருமுறைகூட முழுக்க மூடவில்லை. கடைசியாகத் தட்டில் ஒரு அடி. காக்காவின் கை மேலே நின்றது. தட்டின் சத்தம் மெலிந்து மெலிந்து போனது. ஒரு மூச்சுக் கேட்கவில்லை. முழுக்க அடங்க இன்னும் கொஞ்சம்தான் இருக்கும்போது, கதவில் சாய்ந்திருந்த பெரியவர் வாயைத் திறந்தார். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். காக்காவின் கை கீழே விழுந்தது.

எனக்குத் தலையில் இடி. வால் போயிற்று! ஒரு வாசிப்பு முழுக்கப் பொத்திக் காத்து, கடைசியில் இதுவா? அருளப்பனுக்கு எதுவும் தெரியவில்லை. அத்தனை அடித்தபிறகு அவர் காதில் ரீங்காரம்தான் இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டியது. வலையை எடுக்கக் கடலுக்குத் திரும்பவேண்டும். பெரியவர் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிட்டார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. நான் டேப்பைத் திருப்பி ஓட்டினேன். வெட்டி ஒட்டக் காலையில் பதிந்த மௌனத்தில் ஒரு துண்டு எடுத்து வைத்தேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பட்டுத் துணியைப் பிரித்து, கத்தரியைக் காக்கா பக்கம் நீட்டினேன். அவர் ஹெட்போனில் கடைசிப் பகுதியைக் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு அதைக் கழற்றி அருளப்பனின் தலையில் மாட்டிவிட்டு, என்னை ஓட்டச் சொன்னார். ஹெட்போனுக்கு வெளியே கசிந்தது எனக்கும் கேட்டது. தட்டின் சத்தம், அது தேய்வது, அதன்மேல் பெரியவரின் குரல்.

"போயிட்டு வாங்க மாப்ள."

அருளப்பன் ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிலோமினா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் மதராஸ் போனார், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார், முடி நரைக்கிறவரை அங்கே வாசித்தார். பெரிய டிரம் அந்தோணியார் கோயிலில் தொங்கியது. அதெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு அந்த நாள் என்றால் நினைவுக்கு வருவது, கத்தரியை நீட்டியபடி நான் நின்றதுதான்.

"வெட்டவா காக்கா?" என்று கேட்டேன்.

"நான் கத்தரியைக் கேட்டேனா?"

"கேக்கல காக்கா."

"அப்ப உள்ள வையி" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.